அத்தை பிடுங்கிய பிளக்

1

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவன். நாலு பேர் கூடிய இடத்தில் பேசவே கூச்சம். ஓட்டலில் காபிக்குச் சர்க்கரை போடாமல் கொடுத்தால்கூட அப்படியே குடித்துவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவன் ஊரில் உள்ளவர்கள் படிக்கட்டும் என்று எழுத உட்காருவது கொஞ்சம் அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் தெரிந்து எழுதவில்லை, நேரம் கிடைத்ததால் எழுதுகிறேன். அந்த நேரத்தைக் கொடுப்பது நான் ஓட்டும் கார்.

நான் இருப்பது நார்வே நாட்டின் மேற்குக் கரையில் ஒரு சிறிய ஊர். முன்பு மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் சமையல்காரனாக இருந்தேன். அந்தக் கைதான் என்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தது. இப்போது நகராட்சிச் சமையலறையில் வேலை. தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன மின்சாரக் கார் கொடுத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் அதன் பேட்டரியும் என்னைப் போலவே ஒடுங்கிப்போகும். ஹீட்டர் போட்டால் தூரம் குறையும். தூரம் வேண்டுமென்றால் விறைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். அதனால் தினமும் பாதி வேலையில் கடலோரத்தில் ஒரு சார்ஜ் கம்பத்தில் காரை மாட்டிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். இந்தக் குறிப்புகள் அங்கே எழுதியவைதான். எங்காவது சட்டென்று நின்றுபோயிருந்தால், சார்ஜ் ஏறிவிட்டது, ஆறுகிற சாப்பாட்டோடு கிளம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றோடு என் தங்கை மகள் பவித்ராவுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். அதனால்தான் அந்தக் காலைப் பொழுது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது.

2

நம் ஊரில் நான் சைக்கிளும் பைக்கும் தவிர எதுவும் ஓட்டியதில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டது இங்கேதான். லைசென்ஸ் வாங்க ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே தரையை வேண்டுமென்றே வழுவழுப்பாக்கி வைத்திருந்தார்கள். அதில் வேகமாகப் போய் வழுக்கச் சொன்னார்கள். நான் பயந்து மெதுவாகப் போனேன், வழுக்கவில்லை. வாத்தியார் ஏமாற்றத்தோடு, "இப்படிப் போனால் பாடம் முடியாது, நன்றாக வழுக்கு" என்றார். அதற்குக் கட்டணமும் கட்டியிருந்தேன்.

இங்கே ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை சொல்வது மாதிரி. என்னைப் போன்றவனுக்கு அது மிகவும் வசதி. காரும் சத்தம் போடாது, நானும் போட மாட்டேன். வருடக்கணக்காக நாங்கள் இரண்டு பேரும் யாருக்கும் தெரியாமல் வந்து போகிறோம்.

பேச்சுதான் சிரமம். இந்த மொழியில் மரியாதை வேற்றுமையே கிடையாது. எண்பது வயதுக் கிழவரும், நகராட்சி அதிகாரியும், பிரதம மந்திரியும் எல்லாருமே 'நீ'தான். ஆரம்பத்தில் நான் எல்லாரையும் சார், சார் என்பேன். மேலதிகாரி பெண்மணியையும் பதற்றத்தில் சார் என்றுதான் கூப்பிட்டேன். என் மகள் கீர்த்தி இங்கேயே பிறந்தவள், பதினாறு வயது. தமிழ் முழுக்கப் புரியும். பேசினால் எல்லாரும் 'நீ'. என் அத்தை முனியம்மாவிடம் போனில், "நீ சாப்டியா? நீ எப்ப தூங்குவே?" என்பாள். நான் வெட்கத்தில் நெளிவேன். அத்தைக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. "கொயந்த நம்ம ஊரு மாதிரியே பேசுதுடா" என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். மரியாதை விஷயத்தில் எங்கள் ஊர் மதுராந்தகமும் நார்வேயும் ஒன்று. நடுவில் நான் ஒருவன்தான் 'ங்க' போட்டுக்கொண்டு திரிகிறேன்.

3

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வழக்கத்தில், மணப்பெண் நெற்றியில் கட்டும் பட்டத்தை முதலில் தாய்மாமன் கட்ட வேண்டும். தங்க நிறத்தில் மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் நூல். அவன் கட்டிய பிறகுதான் மற்றவர்கள், அதற்குப் பிறகுதான் தாலி. என் தங்கை அமுலுவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே பவித்ராவுக்குத் தாய்மாமனும் நான் ஒருவன்தான்.

ஆனால் மாமன் வேலை எதையும் நான் செய்ததில்லை. அவளுக்குக் காது குத்தும்போது என் பாஸ்போர்ட் இங்கே ஒரு அலுவலக மேசை இழுப்பறைக்குள் இருந்தது. இங்கே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். "நீ போகலாம், ஆனால் திரும்பி வர முடியாது" என்று அந்த அலுவலக அம்மா சிரித்த முகத்தோடு சொன்னார். என் பெரியப்பா மகன் சேகர் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். மஞ்சள் நீராட்டு வந்தபோது கீர்த்தியின் குடியுரிமைக் காகிதம் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் மாமன் சீர் தூக்கியது சேகர். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே போனில் பார்த்தேன். பவித்ராவுக்கு மாமா என்றால் சேகர்தான். என்னைச் சொல்லும்போது 'நார்வே மாமா'.

கல்யாணம் ஈஸ்டர் விடுமுறையில் அமைந்தது. என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் கீர்த்தியும் மட்டும் கிளம்பினோம். இந்தத் தடவையும் சேகரே கட்டினால், இனி எனக்கென்று ஒரு சடங்கும் மிச்சமில்லை. வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கேலியாக மட்டும் சொன்னார்கள். "சேகரு, பட்டத்த நீ பாக்கெட்லயே வச்சிக்க. நார்வேகாரன் வர்றதுக்குள்ள கொயந்தையே பொறந்துடும்" என்றார் ஒரு சித்தப்பா. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

சேகருக்குச் செங்கல்பட்டில் டயர் கடை. அவனும் ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்கியிருந்தான். முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு, மாமல்லபுரத்தில் மண்டபம். எல்லாரும் முதல் நாளே வேனில் போய்விட்டார்கள். புடவை கட்டத் தெரியாத கீர்த்திக்காக அத்தை மதுராந்தகத்து வீட்டிலேயே தங்கினாள், அவர்கள் இருவருக்காக நான் தங்கினேன். சேகர் சாவியைக் கையில் கொடுத்தான்.

"அண்ணாத்த, நீதான் ஃபாரின்ல இத்த ஓட்டுறியே. உனக்கு நான் இன்னா சொல்றது. நைட்டு பிளக்க மாட்டிவுடு, காலைல ஃபுல்லாயிடும். சரியா வந்து சேரு."

கராஜ் கிடையாது. கூடத்து ஜன்னல் வழியாக வயரை இழுத்து, ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுத் தூங்கினேன்.

4

காலையில் காரில் ஏறிப் பார்த்தால் இருபத்திரண்டு சதவீதம். முதல் நாள் மாட்டியபோது இருந்ததைவிட ஒரு துளி அதிகம், அவ்வளவுதான். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரில் டி.வி., ஃப்ரிட்ஜ், கார், எல்லா பிளக்கும் வரிசையாகப் பிடுங்கிக் கிடந்தன. கார் பிளக்கின் மேல் ஒரு துண்டு வேறு போர்த்தியிருந்தது.

"அத்த, இத யாரு புடுங்கினது?"

"நான்தான். ராத்திரி இடி இடிச்சிது இல்ல? வயரு வழியா இடி எறங்கி வண்டி வெடிச்சிட்டா சேகருக்கு நீ பதில் சொல்லுவியா?"

சித்திரை மாதத்து வெற்று இடி. மழை நாலு தூறலோடு போய்விட்டது. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்குவது எங்கள் வீட்டில் நான் பிறந்ததிலிருந்து நடப்பது. நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். அதனால் கோபப்படவும் முடியவில்லை. மறுபடி மாட்டியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டேன்.

"இடி முடிஞ்சிதுன்னு எப்டி தெரியும்? அது சொல்லிட்டா போவும்?" என்றாள் அத்தை.

போகிற தூரம் ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட. ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஓட்டல் வாசலில் சார்ஜ் போடும் இடம் இருந்ததால் நேராக அங்கே போனோம். நல்லவேளையாகக் காலியாக இருந்தது. ஆனால் அதற்கு ஒரு செயலி வேண்டும். செயலிக்கு இந்திய போன் எண் வேண்டும். என்னிடமும் கீர்த்தியிடமும் இருந்தது நார்வே எண். எங்களிடம் இருந்த ஒரே இந்திய எண், அத்தையின் பட்டன் போன். அந்த எண்ணைப் போட்டேன். அத்தையின் இடுப்பில் போன் கிணுங்கியது.

"அத்த, ஒரு நம்பர் வந்துகீது பாரு. அந்த நம்பரச் சொல்லு."

அத்தை போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இது ஓ.டி.பி. இத்த யாருக்கும் சொல்லக் கூடாது."

"நான்தான கேக்கறேன்!"

"யாரு கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னுதான் போனத் தெறந்தா சொல்லிகினு கீறான். பேங்குலயும் சொன்னாங்க. தெரிஞ்சவன் மாதிரியே பேசுவான், ஏமாந்துடாதன்னு."

"அத்தைப் பாட்டி, நீ சொல்லு. அப்பா திருடன் இல்ல" என்றாள் கீர்த்தி.

"அது எனக்குந் தெரியும் கண்ணு. ஆனா சட்டம்னு ஒண்ணு கீது இல்ல."

அவள் மனம் இளகி எண்ணைப் படித்தபோது நேரம் கடந்துவிட்டது. இரண்டாவது எண் வந்தது. அதை அவள் சத்தமாக, ஓட்டல் வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி படித்தாள். செயலிக்குள் நுழைந்தோம். அப்போது பணம் கட்ட இன்னொரு செயலியைக் காட்டியது. அதற்கு இந்திய வங்கிக் கணக்கு வேண்டுமாம். கல்லாவில் இருந்தவரிடம் போய், நான் கையில் பணம் கொடுக்கிறேன், நீங்கள் உங்கள் போனில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். நான் வாசலில் நின்று அவரை ஒருமுறை பார்த்தேன். அவர் பூரி பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சார்ஜ் போடாமலே திரும்பிவிட்டேன்.

5

முகூர்த்த நாள், நெடுஞ்சாலையில் வேன்கள் வரிசை கட்டி நின்றன. "உள்ளே போயிடலாம், கருங்குழி தாண்டிக் கெயக்கால திரும்பு" என்றாள் அத்தை. அந்த வழியில் பாலாற்றைக் கடந்து திருக்கழுக்குன்றம் போய்விட்டால் மாமல்லபுரம் கிட்டத்தில்தான்.

ஏ.சி.யை அணைத்தேன். ஜன்னலைத் திறந்தால் காற்று இழுக்கும், அதுவும் சார்ஜைத் தின்னும் என்று கண்ணாடியையும் ஏற்றினேன். நார்வேயில் ஹீட்டரை அணைத்துவிட்டு விறைப்பவன், அங்கே ஏ.சி.யை அணைத்துவிட்டு வேர்த்தேன். பட்டுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இங்கே நார்வேயில் மலை ஊர் என்பதால் இறக்கத்தில் கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும். அங்கே மொத்த வழியிலும் இறக்கம் என்றால் பாலாற்றுப் பாலம் முடிகிற இடம் ஒன்றுதான்.

அதற்கு நடுவில் இந்த ஹாரன். ஆடு, நாய், சைக்கிள், தண்ணீர்க் குடத்தோடு போகும் பெண்கள், யாருக்கும் நான் பின்னால் வருவது தெரியவில்லை. நானும் பின்னாலேயே ஊர்ந்தேன்.

"ஆரன் அடிடா!"

"அவங்களே திரும்பிப் பாப்பாங்க அத்த."

"எப்ப? பொங்கலுக்கா?" என்று அத்தை என் மேல் சாய்ந்து அவளே ஓங்கி அடித்தாள்.

பாலம் தாண்டி ஒரு ஊரில் சாலை முழுக்க உளுத்தஞ்செடி பரப்பியிருந்தது. போகிற வண்டிகள் ஏறி மிதித்தால் உளுந்து தனியாகக் கழன்றுவிடும். வழக்கமாக அப்படியே ஏறிப் போய்விடலாம். ஆனால் கையில் கழியோடு ஒரு பெண் ஓடிவந்து வழி மறித்தாள்.

"அண்ணாத்த, நிறுத்து நிறுத்து! கார மட்டும் ஓரமா உடு. அடியில செடி மாட்டிகினு சைலன்சர் சூட்டுல பத்திக்குது. போன வருசம் அப்டிதான் ஒரு காரு எரிஞ்சிபோச்சி."

"இதுல சைலன்சர் இல்லீங்க" என்றேன்.

அவள் குனிந்து அடியில் பார்த்தாள். கையை நீட்டித் தொட்டும் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"சூடே இல்லியே! அப்போ நீ நடுவுலயே வா. மெதுவா வா, நல்லா நசுங்கும்."

நடுவிலேயே போனேன். அந்தப் பக்கம் முடிந்ததும் அவள் கூடவே நடந்து வந்து ஜன்னலைத் தட்டினாள். "அப்டியே ரிவர்சுல ஒரு வாட்டி வாயேன் அண்ணாத்த. லாரி ஏறுனா பருப்பே ஒடஞ்சிபோவுது. உன் வண்டி பூ மாதிரி கீது."

நேரம் எட்டரை தாண்டிவிட்டது. முடியாது, கல்யாணம் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. ரிவர்சில் போனேன். பிறகு முன்னால் வந்தேன். எதிர்ப்பக்கம் இருந்த இன்னொரு அம்மா, "எங்களுதையும் மிதிச்சிட்டுப் போ நைனா" என்றார்.

"ஏன்டா, வாயில இன்னா கொயக்கட்டையா வச்சிகினு கீற?" என்று கத்திவிட்டு அத்தை கண்ணாடியை இறக்கினாள். "யம்மா, இவன் தாய்மாமன். பட்டம் கட்டப் போறான். உட்டுடுங்க, புண்ணியமாப் போவும்."

"தாய்மாமனா! மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று அந்தப் பெண் என்னைத்தான் திட்டினாள். கழியால் சாலையில் நின்ற ஆட்டை விரட்டி வழியும் விட்டாள்.

6

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் திரையில் ஒரு ஆமைப் படம் வந்தது. சார்ஜ் தீரப்போகிறது, இனி மெதுவாகத்தான் போவேன் என்று அர்த்தம். அத்தை அதைப் பார்த்துவிட்டாள்.

"கல்யாணத்துக்குப் போற வண்டியில எவன்டா ஆமைய வரைஞ்சவன்?"

முந்தானையை இழுத்து ஆமையை மறைத்தாள். 

மாமல்லபுரத்து எல்லையில், கல் சிற்பக் கூடங்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் கார் நின்றது. ஒரு பாதிப் பிள்ளையாருக்கும் முழு நந்திக்கும் நடுவில். உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு ஒரு ஆள் எழுந்து வந்தார்.

"இன்னா அண்ணாத்த, பெட்ரோலு தீந்துபோச்சா?"

"பெட்ரோல் இல்லீங்க. கரண்டு. கொஞ்சம் பிளக் போட்டுக்கலாமா?"

இதைக் கேட்க எனக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. அவர் ஓய்ந்து கிடந்த அறுப்பு மெஷினைக் காட்டினார். "கரண்டு இருந்தா நான் ஏன் சும்மா குந்திகினு கீறேன்? சாயங்காலந்தான் வருமாம்."

மணி ஒன்பது பத்து. கீர்த்தி சேகருக்குப் போன் செய்து, தனக்குத் தெரிந்த தமிழில், "சித்தப்பா, கார் செத்துப்போச்சு. நாங்க பிள்ளையார்கிட்ட இருக்கோம்" என்றாள். மறுமுனையில் நாதஸ்வரம் கேட்டது. பிறகு கட்டாகிவிட்டது.

சரி, அவன் கட்டிவிடுவான் என்று நினைத்தேன். நியாயமும் அதுதான். மற்ற இரண்டையும் செய்தவன் அவன். முகூர்த்தத்தை யாருக்காகவும் நிறுத்த முடியாது. பாதிப் பிள்ளையாரின் நிழலில் நின்று, கூட்டத்தில் எந்த ஓரமாகப் போய் நுழைந்தால் யார் கண்ணிலும் படாமல் உட்காரலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்போது எதிரே ஒரு பைக் வந்தது. பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, நெற்றியில் சந்தனம் வழிய, சேகர்.

"ஏறு!"

"நீ இங்க இன்னா பண்ற? அங்க யாரு கட்டுறது?"

"ஏறு அண்ணாத்த, பேஜாரு பண்ணாத. ஐயரு மணியப் பாத்துகினு கீறாரு."

"போடா, ஏறுடா!" என்று அத்தை முதுகில் ஒரு அடி வைத்தாள். நானும் சேகரும் பைக்கில் பறந்தோம். அவர்கள் இருவரும் பின்னால் ஷேர் ஆட்டோவில் வந்தார்கள்.

மண்டபத்தில் நாங்கள் நுழைந்தபோது மாமன் என்ற பெயருக்கு ஒரு ஆளும் இல்லாமல் பவித்ரா மணையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை பக்கம் முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. என் தங்கை அமுலு ஐயருக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அவர் நேரத்தைச் சொல்லச் சொல்ல, "வந்துகினே கீறாங்க சாமி" என்பதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன்.

"ஒரு மாமன் இல்லாத வூடு உண்டு. ரெண்டு மாமன் இருந்தும் ஒருத்தனும் இல்லாத வூடு நம்ம வூடுதான்" என்றாள். சபை சிரித்தது. "மேல ஏறு. சட்டைய ஏன் புழிஞ்சி போட்ட மாதிரி வச்சிருக்க?"

பட்டத்தை எடுத்தேன். என் விரல்கள் வேர்வையில் வழுக்கின. நூல் முடிச்சு நிற்கவில்லை. பவித்ரா தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்து, உதடு அசையாமல், "அவசரமில்ல மாமா, மெதுவாக் கட்டு" என்றாள். கட்டினேன். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றது. சரி செய்யப் போனேன். "போதும், அப்படியே இருக்கட்டும்" என்றார் ஐயர்.

பந்தியில் சேகர் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இலை போட்டுப் பாயசம் வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"நீயே கட்டியிருக்கலாமே சேகரு. நேரம் போய்க்கினு இருந்திச்சே. நான் இன்னா தப்பாவா நெனச்சிருப்பேன்?"

அவன் அப்பளத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டுக்கொண்டே சொன்னான்.

"நீ நெனைக்க மாட்ட, அது தெரியும். ஆனா இத்தயும் நானே கட்டிட்டேன்னு வையி, அப்புறம் உனக்கு இங்க வர்றதுக்கு வேலையே இல்லாம பூடும் அண்ணாத்த."

பரிமாறுகிறவர் இன்னொரு கரண்டி பாயசம் போடட்டுமா என்று கேட்டார். எனக்குப் போதும்தான். சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் பெண்ணையும் மாப்பிள்ளையையும் மறுவீட்டுக்கு மதுராந்தகம் அழைத்து வந்தோம். சார்ஜ் ஏற்றிய காரைச் சேகர் ஓட்டினான். நான் பின்னால் வேனில் வந்தேன்.